வல்லவனுக்குப் புல் போதாது

மாடித்தோட்டம் போடுகிறவர்களிடம் விதையைப் பற்றிக் கேளுங்கள். நாட்டு ரகமா ஒட்டு ரகமா என்று ஒரு மணி நேரம் பேசுவார்கள். பஞ்சகவ்யம், மீன் அமிலம், வேப்பம்புண்ணாக்கு என்று எல்லாவற்றுக்கும் அளவு மனப்பாடமாக இருக்கும். எதைக் கொண்டு மண்ணைக் கிளறுகிறீர்கள் என்று கேட்டால் மட்டும், "ஏதோ ஒண்ணு கிடக்குது" என்று பதில் வரும். நாற்றுக்கும் தொட்டிக்கும் தாராளமாகச் செலவழிக்கிறவர்கூட, கொத்தும் கத்திரியும் வாங்கும்போது கடையில் இருப்பதிலேயே மலிவானதை எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறார்.

இந்த அலட்சியத்துக்குப் பின்னால் சில வாதங்கள் இருக்கின்றன. காதில் விழும்போது நியாயமாகத்தான் படும். ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்ப்போம்.

1. "வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். கைதான் முக்கியம், கருவி இல்லை."

கையை நம்பிப் பிழைக்கிறவர்கள் இப்படிச் சொல்லிக் கேட்பது அரிது. நெல்லறுப்புக்கு வரும் பெண்கள் அவரவர் அரிவாளோடுதான் வயலில் இறங்குவார்கள். பக்கத்து ஆள் கேட்டால் லேசில் கொடுக்க மாட்டார்கள். வரப்பு வெட்ட வருபவர் தன் மண்வெட்டியைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு வருவார். வீட்டுக்காரர் நீட்டும் மண்வெட்டியை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு ஓரமாகச் சாத்திவிடுவார். காரணம் வெறும் பாசம் இல்லை. அவருடைய மண்வெட்டியின் காம்பு அவர் உயரத்துக்கு அளந்து போட்டது. தகடு சாய்ந்திருக்கும் கோணம் அவர் வெட்டும் வாகுக்கு ஏற்றது. தையல்காரர் துணிக் கத்திரியால் காகிதம் வெட்ட விடாத அதே கறார்தான் இது.

திறமைசாலி மோசமான கருவியைக் கொண்டும் வேலையை முடித்துவிடுவார் என்பது உண்மை. அதற்காக அவர் கூடுதலாகப் போட்ட பலம் மணிக்கட்டிலும் தோளிலும் இடுப்பிலும் போய் உட்காரும். புதிதாகத் தொடங்குபவருக்கோ பலத்தை எங்கே போட வேண்டும், எங்கே விட வேண்டும் என்பதே இன்னும் பிடிபட்டிருக்காது. பழகின கையைவிடப் பழகாத கைக்குத்தான் நல்ல கருவி அதிகம் தேவை. பழமொழி வல்லவனின் பெருமையைச் சொல்கிறது. புல்லைச் சிபாரிசு செய்யவில்லை.

2. "தொட்டி மண் பஞ்சு மாதிரி இருக்கும். அதற்கு எந்தக் கரண்டியும் போதும்."

தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து புதிதாக நிரப்பிய பைக்கு இது பொருந்தும். அந்த மண்ணுக்குக் கரண்டிகூட வேண்டாம், விரல் போதும். ஒரு தக்காளி பருவம் முடியட்டும். அதே பையைக் கவிழ்த்தால் வேர் பின்னிப் பிணைந்து, பையின் வடிவத்திலேயே ஒரு கட்டி வெளியே வரும். செம்மண் கலந்த தொட்டியில் சித்திரை வெயிலில் இரண்டு நாள் தண்ணீர் தப்பினால் மேல்மண் ஓடாகிவிடும். கருவிக்கு வேலை அப்போதுதான் வருகிறது.

மலிவுக் கரண்டி எங்கே தோற்கும் என்பதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். அலகும் பிடியும் சேரும் கழுத்தைத் திருப்பிப் பாருங்கள். மெல்லிய தகட்டை அச்சில் அழுத்தி எடுத்து, அதன் வாலில் ஒரு கம்பியைப் பற்றவைத்து, அந்தக் கம்பியைப் பிளாஸ்டிக் பிடிக்குள் செருகியிருப்பார்கள். பற்றவைப்பும் சுற்றிலும் ஓடாமல் இரண்டு பொட்டுகளோடு நின்றிருக்கும். மண்ணுக்குள் குத்தி நெம்பும்போது மண் முனையைத் தடுக்கிறது, கை பிடியை அழுத்துகிறது. இரண்டுக்கும் நடுவே வளைக்கும் விசை மொத்தமும் விழுவது அந்தக் கழுத்தில். முதல் நாள் அது லேசாக வளையும். நிமிர்த்தி மறுபடி குத்துவோம். வளைத்து நிமிர்த்தும் ஒவ்வொரு முறையும் இரும்பு களைத்துப்போய், ஒரு நாள் பிடி கையிலும் அலகு மண்ணிலுமாக நிற்கும்.

நல்ல கரண்டியில் அலகும் வாலும் ஒரே இரும்பாக இருக்கும். வால் பிடிக்குள் ஆழமாக இறங்கியிருக்கும். பிடியின் வாயில் பூண் போட்டு, மரம் பிளக்காமல் இறுக்கியிருப்பார்கள். முனையைத் தரையில் ஊன்றி உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தால் கழுத்து அசையாது. இந்தச் சோதனைக்குக் கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

3. "ஐந்து உருப்படி சேர்ந்த செட் இருக்கிறதே, அதுதான் லாபம்."

செட்டில் அகலக் கரண்டி, ஒடுக்கக் கரண்டி, முள்கரண்டி, கீறி, களையெடுப்பான் என்று ஐந்து வரும். ஐந்துக்கும் ஒரே பிடி, ஒரே தகடு, ஒரே கழுத்து. அதாவது ஒரே குறையை ஐந்து முறை வாங்குகிறோம். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் மூன்று புதிதாகவே இருக்கும். அன்றாடம் கை போகிற இரண்டு மட்டும் வளைந்திருக்கும். அந்த இரண்டுக்கு உருப்படியான ஒரு ஜோடி வாங்கியிருக்க வேண்டிய பணம்தான் மூன்று பொம்மைகளில் முடங்கிக் கிடக்கிறது.

"கெட்டால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்" என்பதும் இதே கணக்கின் வால்தான். மரப்பிடி உடைந்தால் புதுப் பிடி போடலாம். அலகு மழுங்கினால் அரத்தால் ராவலாம். வார்ப்புப் பிளாஸ்டிக் பிடி உடைந்தால் கருவியே போச்சு. பழுது பார்க்க முடியாத பொருளுக்கு விலைச்சீட்டில் இருப்பது முதல் தவணை மட்டும்தான்.

மாடித்தோட்டத்துக்கு மூன்று போதும்: ஒரு மண் கரண்டி, ஒரு களைக்கொத்து, ஒரு கவாத்துக் கத்திரி. தரையில் பாத்தி கட்டுகிறவருக்கு இவற்றோடு ஒரு மண்வெட்டி. ஒவ்வொன்றாக, தேவை வரும்போது வாங்கலாம்.

4. "பிடியில் மெத்தென்று ரப்பர் இருந்தால் சொகுசு."

விற்பனையாளர் அதிகம் நம்பியிருப்பதும் வாங்குபவர் அதிகம் ஏமாறுவதும் இங்கேதான். கடையில் ஒரு நிமிடம் அழுத்திப் பார்க்கும்போது ரப்பர் இதமாகத்தான் இருக்கும். மொட்டை மாடி வெயிலும் கை வியர்வையும் சேர்ந்தால் அந்த மெத்துப்பூச்சு பிசுபிசுக்க ஆரம்பிக்கும். பிறகு தோல் தோலாக உரியும்.

உண்மையான சொகுசு நாலு விஷயத்தில் இருக்கிறது: பிடியின் பருமன், பிடியின் நீளம், கருவியின் எடை, மணிக்கட்டு நிற்கும் நிலை. கடைசியை இப்போதே சோதித்துவிடலாம். மணிக்கட்டை உள்பக்கம் முழுவதும் மடக்கிக்கொண்டு முஷ்டியை இறுக்கிப் பாருங்கள். இறுகாது. நேராக வைத்து இறுக்குங்கள், பலம் தானாக வரும். மணிக்கட்டை மடக்கச் சொல்லும் கருவி நம் பலத்தில் ஒரு பங்கை வேலைக்கு முன்பே பிடுங்கிக்கொள்கிறது.

பருமனுக்கும் நீளத்துக்கும் அளவே உண்டு. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷும் கலிஃபோர்னியா அரசும் கைக்கருவிகளைத் தேர்ந்தெடுப்பது பற்றி 2004-ல் ஒரு கையேடு வெளியிட்டன. இறுக்கிப் பிடிக்கும் ஒற்றைப் பிடிக்கு அது சொல்லும் பருமன் சுமார் 3 முதல் 5 செ.மீ. நீளம் குறைந்தது 10 செ.மீ. இருக்க வேண்டும், அதற்குக் குறைந்தால் பிடியின் முனை உள்ளங்கையின் நடுவில் குத்தும். கத்திரி போன்ற இரட்டைப் பிடிக் கருவி விரியும்போது 9 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. போனால் விரல் நுனியால் இழுத்து மூட வேண்டியிருக்கும். விரல் விரலாகப் பள்ளம் வெட்டிய பிடியையும் அது தவிர்க்கச் சொல்கிறது. அந்தப் பள்ளங்கள் யாரோ ஒருவர் கைக்கு அளந்தவை. சிறிய கைக்காரர் பிடித்தால் மேடுகள் விரலுக்குக் கீழே வந்து அழுத்தும்.

நம் கடைகளில் பெரும்பாலான கருவிகள் ஆண் கையை மனதில் வைத்துச் செய்தவை. தோட்டத்தில் அதிக நேரம் நிற்பது பல வீடுகளில் பெண்கள். அவர்கள் கைக்குப் பொருந்துகிறதா என்று அவர்களே பிடித்துப் பார்த்து வாங்குவதுதான் முறை. இடக்கைக்காரர்கள் கத்திரி விஷயத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வலக்கைக் கத்திரியை இடக்கையில் பிடித்தால் வெட்டும் இடத்தை அலகு மறைத்துவிடும்.

கருவியின் நீளம் உடம்பை என்ன செய்யும் என்பதற்கு வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. கலிஃபோர்னியாவின் லெட்யூஸ், சர்க்கரை பீட் வயல்களில் மெக்சிகோ வழித் தொழிலாளர்களுக்கு ஏறக்குறைய இரண்டடிக் காம்பு போட்ட கொத்தைத்தான் கொடுத்தார்கள். நாள் முழுக்க முதுகை வளைத்தே வேலை. குட்டைக் காம்பு இருந்தால்தான் நாற்றைத் துல்லியமாகக் கலைக்க முடியும் என்பது பண்ணைக்காரர்களின் வாதம். யார் நிமிர்ந்து நிற்கிறார் என்று மேஸ்திரி தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கவும் அது வசதியாக இருந்தது. முதுகெலும்பு கெட்ட தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1975 ஜனவரியில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதையொட்டி குட்டைக் கொத்து தடை செய்யப்பட்டது. நீளக் காம்போடும் லெட்யூஸ் விளைந்தது. வேலைக்கு ஏற்றபடி உடம்பு வளையட்டும் என்பதைத் திறமையின் பெயரால் நியாயப்படுத்துவது அங்கேயும் நடந்திருக்கிறது.

5. "நல்லது வேண்டுமென்றால் வெளிநாட்டுச் சரக்குதான், அதுவும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்."

இது எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் தவறு. மலிவைக் கண்டு சலித்தவர் விலையைத் தரம் என்று நினைத்துக்கொள்கிறார்.

துருப்பிடிக்காது என்பது ஒரு குணம். கூர் நிற்கும் என்பது வேறொரு குணம். மலிவு ஸ்டெயின்லெஸ் தகட்டில் கூர் நெடுநாள் தங்காது. மண் கரண்டிக்கு அது நல்ல தேர்வு; ஈரமண் ஒட்டாமல் வழுக்கி விழும், கடலோர ஊர்களின் உப்புக்காற்றுக்கும் தாங்கும். வெட்டும் கருவிக்கும் கொத்தும் கருவிக்கும் கரிமம் கூடிய எஃகுதான் நம்பகமானது. துடைத்து எண்ணெய் போட வேண்டும், அவ்வளவுதான் தொந்தரவு.

அந்த எஃகைத் தேடிக் கப்பல் ஏற வேண்டியதில்லை. நம் ஊர்ப் பட்டறைகளில் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டிக் காய்ச்சி அடித்துத்தான் அரிவாளும் கொத்தும் செய்கிறார்கள். லாரியின் பாரத்தை ஆண்டுக்கணக்கில் வளைந்து நிமிர்ந்து தாங்கிய இரும்பு அது. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்கே பெயர் வாங்கிய ஊர். பட்டறையில் இன்னொரு வசதியும் உண்டு: "எனக்குக் காம்பு இன்னும் ஒரு சாண் நீளம் வேணும்ணே, அலகு கொஞ்சம் ஒடுக்கமா இருக்கட்டும்" என்று சொல்லி அடித்து வாங்கலாம். காம்புக்குக் கருவேலம் கிடைத்தால் விட வேண்டாம். இழை காம்பின் நீளவாட்டில் நேராக ஓடுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். குறுக்கே ஓடினால் முதல் கனமான வெட்டிலேயே பிளக்கும்.

கூடுதல் விலை கொடுக்கத் தகுதியான இடம் ஒன்று உண்டு என்றால் அது கவாத்துக் கத்திரி. சுவிட்சர்லாந்தில் 1945-ல் தொடங்கிய ஃபெல்கோ நிறுவனத்தின் கத்திரிகளுக்கு அலகு, சுருள்வில், திருகு எல்லாம் தனித்தனி உதிரிபாகமாகக் கிடைக்கின்றன. சிறிய கைக்கும் இடக்கைக்கும் தனி மாதிரிகள் உண்டு. அங்கே கொடுக்கும் காசு உதிரிபாகத்துக்கும் பொருத்தத்துக்கும் போகிறது. உள்ளூர்க் கத்திரி ஒன்றிலும் அலகைக் கழற்றித் தீட்ட முடியும், மாற்று அலகு கிடைக்கும் என்றால் அதுவும் நல்ல கத்திரிதான்.

வகையைப் பார்த்து வாங்குவது விலையைவிட முக்கியம். அலகு இன்னொரு அலகை உரசித் தாண்டிப்போகும் கத்திரி பச்சைக் கிளைக்கு. அலகு ஒரு தட்டையான மேடைமீது இறங்கும் கத்திரி காய்ந்த குச்சிக்கு. நவம்பர் கடைசியில் மல்லிகையைத் தரையிலிருந்து அரை மீட்டர் விட்டுக் கவாத்து செய்யும்போது இரண்டாவது வகையைப் பயன்படுத்தினால், தண்டு வெட்டுப்படாமல் நசுங்கும். நசுங்கிய நுனி கருகிக் கீழ்நோக்கிக் காயும். பூஞ்சைக்கும் வாசல் திறந்துவிடும்.

6. "நல்ல கருவி வாங்கினால் பராமரிக்க யாருக்கு நேரம்?"

ஆயுத பூஜையன்று பொட்டு வைப்பதோடு சரி என்று இருந்தால் எந்தக் கருவியும் நிலைக்காது, உண்மைதான். ஆனால் வேலை பெரிதல்ல. மண்ணைத் தட்டித் துடைக்க வேண்டும். ஈரத்தோடு வைக்கக் கூடாது. இரும்பில் துளி எண்ணெய் தடவ வேண்டும். கொத்தின் வாயை அவ்வப்போது ஒரு பக்கம் மட்டும் அரம் போட்டால் போதும். நோய் கண்ட செடியை வெட்டிய கத்திரியை அடுத்த செடிக்குப் போகும் முன் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். மழுங்கிய கத்திரியோடு மல்லுக்கட்டும் நேரத்தில் இது எல்லாவற்றையும் முடித்துவிடலாம்.

7. "அதெல்லாம் சரி, நல்ல கரண்டி வாங்கினால் தக்காளி கூடுதலாகக் காய்க்குமா?"

காய்க்காது. கருவி உரமல்ல. கருவி வாங்குவதே பொழுதுபோக்காகிச் சுவர் முழுக்க மாட்டி வைப்பவர்களைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தோட்டத்தில் பல வேலைகள் கெடுவது தெரியாததால் அல்ல, தள்ளிப்போடுவதால். களையைப் பூ விடும் முன்பே எடுக்க வேண்டும் என்பது யாருக்குத் தெரியாது? கொத்து கையை அறுக்கும், கத்திரி பாதியில் சிக்கும் என்று தெரிந்தால் அந்த வேலை இன்றைக்கு நாளைக்கு என்று நகரும். களை பூத்து விதை சிந்தியபின் வேலை இரட்டிப்பாகும். கைக்கு இசைந்த கருவி இருந்தால் அதே வேலை காலைக் காபிக்கு முன் முடிந்துவிடும். நல்ல கருவியால் தோட்டத்துக்குக் கிடைக்கும் லாபம் இவ்வளவுதான், இதுவே போதும்.

ஆகவே கடைக்குப் போனால் கழுத்தை அழுத்திப் பாருங்கள். பிடியைப் பிடித்து நாலு முறை மண் கிளறுவதுபோல் வீசிப் பாருங்கள். கழற்றித் தீட்ட முடியுமா, பிடி உடைந்தால் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். விலையை அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.