மணமேடையின் மூன்றாவது சாட்சி



ஒரு நிக்காஹ் நிறைவேற எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? குத்பா எனும் மணவுரை ஓதப்படுகிறது. மணமகளின் தந்தை மணமகனின் கரம் பற்றி ஒப்புக்கொடுக்கிறார். மணமகன் ஏற்றுக்கொள்கிறார். சாட்சிகள் இருவர் பதிவேட்டில் கையொப்பமிடுகின்றனர். துஆவுடன் அனைத்தும் முடிந்துவிடுகிறது. அரை மணி நேரத்திற்கு மேல் ஆவதில்லை. ஆயினும் இந்த அரை மணி நேரத்தின் பெயரால் மூன்று நாட்களுக்குப் படம் பிடிக்க ஆட்களை அமர்த்தி, அதற்காகக் கடன்படும் குடும்பங்களை நாம் இன்று காண்கிறோம்.

அண்மையில் ஒரு மணமேடையில் ஒப்புக்கொடுத்தல் நிறைவேறிய மறு நொடியில், "ஹஜ்ரத், இன்னொரு முறை கையைப் பிடிக்கச் சொல்லுங்கள், படம் சரியாக விழவில்லை" என்றார் புகைப்படக் கலைஞர். "நிக்காஹ் ஒரு முறைதான் நடக்கும், தம்பி" என்றேன். சபையோர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணத்திற்காகப் படம் என்ற நிலை மாறி, படத்திற்காக மணம் என்ற நிலை வந்துவிட்டதோ என்ற கவலையே வந்தது.

புகைப்படம் ஆகுமா, ஆகாதா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. முற்றாகத் தவிர்ப்போர் பலர். எகிப்தின் தலைமை முஃப்தியாக இருந்து 1935-இல் மறைந்த முஹம்மத் பகீத் அல்முதீஈ அவர்களோ, கருவி நிழலைப் பிடித்து நிறுத்துகிறதேயன்றிப் புதிதாக உருவம் படைப்பதில்லை என்று கூறி அதற்கு இடமளித்தார்கள். இந்த விவாதத்தைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. தவிர்ப்போர் தவிர்க்கட்டும், அவர்களைப் பழிக்க வேண்டாம். எடுப்பது என்று முடிவு செய்தவர்களிடமே நான் பேச விரும்புகிறேன்.

நிக்காஹுக்குச் சாட்சிகளைத் தேடும்போது நாம் என்ன பார்க்கிறோம்? அவர்களுடைய நேர்மையைப் பார்க்கிறோம். புகைப்படக் கலைஞரும் ஒரு வகையில் மூன்றாவது சாட்சியே. பிற ஆடவர் நுழையாத இடத்திலும் அவருடைய கருவி நுழைகிறது. நம் இல்லத்துப் பெண்களின் முகங்கள் அவருடைய கையில் 'அமானத்' எனும் அடைக்கலப் பொருளாகச் சேர்கின்றன. அத்தகையவரைத் தேர்ந்தெடுக்க விலையும் விளம்பரமும் மட்டும் போதுமா?

முதலில் செலவைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு தாளை எடுத்து வரிசையாக எழுதுங்கள். மஹர் எனும் மணக்கொடை, வலீமா எனும் மணவிருந்து, புதுக் குடித்தனத்திற்கான தேவைகள் ஆகியவை முன்னே வரட்டும். கையிருப்பில் இவை போக எஞ்சுவதே புகைப்படத்திற்கு உரியது. எஞ்சவில்லையெனில், உறவினர் ஒருவரின் கைப்பேசியில் எடுத்த பத்துப் படங்கள் போதும். கேட்கப்படும் தொகை உங்கள் வீட்டின் எத்தனை மாத வருமானம் என்றும் கணக்கிட்டுப் பாருங்கள். ஆயிரங்களாகக் கேட்கும்போது உறைக்காதது மாதங்களாக எண்ணும்போது உறைக்கும். வீண்விரயத்தைக் கண்டிக்கும் திருக்குர்ஆன், கஞ்சத்தனத்தையும் ஏற்பதில்லை; 25-ஆம் அத்தியாயத்தின் 67-ஆம் வசனம் காட்டுவது இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியையே ஆகும்.

நபித்தோழர் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் தேர்ந்த வணிகர். அவர்கள் மதீனாவில் மணமுடித்த செய்தி, அவர்கள் மேனியில் படிந்திருந்த மஞ்சள் நறுமணச் சுவட்டைக் கண்டு வினவிய பின்னரே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குத் தெரிந்தது. ஓர் ஆட்டையேனும் அறுத்து விருந்தளிக்குமாறு அண்ணலார் பணித்தார்கள். அத்துணை எளிமையாக நடந்த மணம் அது!

அடுத்தது தேர்வு. கடைக்காரர் பொறுக்கி வைத்திருக்கும் சிறந்த படங்களைக் கண்டு மயங்காதீர்கள். ஏதேனும் ஒரு திருமணத்தின் ஆல்பத்தை முதலிலிருந்து முடிவு வரை காட்டச் சொல்லுங்கள். நேரில் வரப்போகிறவர் அவரா, அவருடைய பணியாளரா என்று கேளுங்கள். பெண்கள் பகுதிக்குப் பெண் கலைஞரையே அமர்த்துங்கள். இன்று அத்துறையில் பெண்களும் இருக்கின்றனர். நிக்காஹுக்கு முன்னரே மணமக்களைக் கடற்கரைக்கும் மலைக்கும் அழைத்துச் சென்று எடுக்கும் படப்பிடிப்பை அடியோடு விட்டுவிடுங்கள். ஒப்பந்தம் நிறைவேறாத வரை அவர்கள் ஒருவருக்கொருவர் அந்நியரே. செலவிலும் ஒரு பெரும் பகுதி அதனால் குறையும்.

மூன்றாவது, எழுத்து. சென்ற ஆண்டு ஒரு தந்தை என்னிடம் வந்தார். நகையை அடகு வைத்துப் படம் எடுத்தவர். "ஹஜ்ரத், என் மகளின் முகம் இன்ஸ்டாகிராமில் கடை விளம்பரமாகிவிட்டது. கேட்டால், வேண்டாம் என்று நீங்கள் சொல்லவில்லையே என்கிறார்" என்று கலங்கினார். அவருடன் நானும் சென்றேன். அந்த இளைஞர் கெட்டவர் அல்லர்; அன்று மாலையே படத்தை நீக்கிவிட்டார். ஆனால் அதற்குள் அது எத்தனை கைகளுக்குப் போய்விட்டதோ! அதை யாரால் திரும்பப் பெற முடியும்?

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு கட்டளையிடும் வசனமே (2:282) திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம். நாமோ வாய்ச்சொல்லோடு நின்றுவிடுகிறோம். நமது நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும், கூலி கொடுத்து எடுக்கச் செய்தவரே, மாறான ஒப்பந்தம் இல்லாத வரை, அப்புகைப்படத்தின் முதல் உரிமையாளர் என்கிறது. ஆகவே ஒப்பந்தத் தாளில் கண்ணை மூடிக்கொண்டு கையொப்பமிடாதீர்கள். எத்தனை மணி நேரம், எத்தனை பேர், ஆல்பத்தில் எத்தனைப் பக்கம், வரி உட்பட மொத்தத் தொகை, முன்பணம், ஒப்படைக்கும் நாள் ஆகியவை அதில் இருக்கட்டும். 'எங்கள் அனுமதியின்றி எந்தப் படத்தையும் எங்கும் வெளியிடலாகாது. ஒப்படைத்த பின் தம்மிடம் உள்ள பிரதிகளை அழித்துவிட வேண்டும்' என்பதையும் சேருங்கள். அழிக்கச் சொல்லுமுன் நீங்கள் இரண்டு பிரதிகள் எடுத்து, தனித்தனி இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

நமக்கும் கடமை உண்டு. உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கப் பணித்த மார்க்கம் இது. பேசிய தொகையை ஆல்பம் கைக்கு வந்தபின் குறைக்கப் பேரம் பேசுவது முறையன்று. காலை முதல் நின்றுகொண்டே இருக்கும் அவரை, விருந்தினர் உண்ட பின் மிச்சத்திற்குக் காத்திருக்க வைக்காதீர்கள். பந்தியில் அவருக்கும் ஓர் இடம் கொடுங்கள்.

பெற்றோர்களே! பத்தாண்டுகளுக்குப் பின் உங்கள் பிள்ளைகள் அந்த ஆல்பத்தைப் புரட்டும்போது, அதற்காக வாங்கிய கடனின் நினைவு அவர்களை உறுத்தக்கூடாது. குறைந்த படங்களாயினும், கடனில்லாத, கண்ணியம் கெடாத படங்களாக அவை இருக்கட்டும். எல்லாம் வல்ல இறைவன் நம் இல்லத் திருமணங்களில் பரக்கத்தை நிறைவாக அருள்வானாக! ஆமீன்.