ரேஸ் மூணு நாள், கடன் ரெண்டு வருஷம்

எங்க செட்டுல கொஞ்ச நாளா ஒரே பேச்சு. சிங்கப்பூர் போய் ஃபார்முலா ஒன் ரேஸ் பாக்கணும். 2025 ஜனவரியில துபாய் 24 மணி நேர ரேஸ்ல அஜித் குமாரோட அணி தன் பிரிவுல மூணாவதா வந்ததுல இருந்து இந்தக் காய்ச்சல் கூடிப்போச்சு. அதுவரைக்கும் "ரேஸா? அது பணக்காரன் விளையாட்டுல்லா" என்று சொன்னவன்கூட இப்போ டயர் தேய்மானம் பத்திப் பேசுறான். சந்தோஷம்தான். ஆனா பேச்சு போய் முடியுற இடம்தான் சரியில்ல. "ஆப்ல பத்து நிமிஷத்துல லோன் கிடைக்கும் மக்கா, வேலைக்குப் போறவன் பேருல எடுப்போம், பிறகு எல்லாரும் பிரிச்சுக் கட்டிக்கலாம்."

நான் சொல்ல வர்றது ரெண்டே விஷயம். ஒண்ணு, கண்டிப்பாப் போகணும். ரெண்டு, கடன் வாங்கிப் போகக் கூடாது.

முதல்ல, ஏன் போகணும்? வீட்டுல பெரியவங்க கேக்குறது நியாயமான கேள்வி. டிவியில சும்மா காட்டுறத லட்ச ரூபாய் கொடுத்துப் பாக்கணுமா? இதுக்கு என் பதில், இந்த ரேஸ் எல்லாம் என்னைக்கும் அங்கேயே இருக்கும்னு எந்த உத்தரவாதமும் கிடையாது என்பதுதான்.

மலேசியாவைப் பாருங்க. செபாங் மைதானத்துல 1999-ல ஃபார்முலா ஒன் ஆரம்பிச்சுது. 2005-ல நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணிக்காக அங்க ஓட்டி 11-வதா வந்தார். ஃபார்முலா ஒன்ல ஓட்டுன முதல் இந்தியர் அவர்தான். அப்போ விமானம் ஏறிப் போயிருந்தா நம்ம ஊர்க்காரரை நேர்லயே பாத்திருக்கலாம். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று இருந்தவங்க எத்தனை பேரோ. நடத்துற செலவு ஏறிப்போச்சு, டிக்கெட் விற்பனை குறைஞ்சு போச்சுன்னு சொல்லி 2017-ஓட மூடிட்டாங்க.

நம்ம நாட்டுக் கதை இன்னும் சின்னது. கிரேட்டர் நொய்டா புத் மைதானத்துல 2011, 2012, 2013. மூணே வருஷம். மூணுலயும் செபாஸ்டியன் வெட்டல்தான் ஜெயிச்சார். இதை விளையாட்டுன்னு எடுத்துக்கணுமா, பொழுதுபோக்குன்னு வரி போடணுமா என்கிற தகராறுல ரேஸ் நின்னே போச்சு. ஃபார்முலா ஒன் நிறுவனம் இங்க வருமான வரி கட்டணும்னு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது 2017-ல. அதுக்குள்ள ரேஸ் போய் நாலு வருஷம் ஆச்சு!

ரெண்டு இடத்துலயும் ரேஸைக் கொன்னது கணக்கு. கார் நல்லா ஓடுச்சு, வரவு செலவு ஓடல. அவ்வளவு பெரிய ஆட்களுக்கே அந்தக் கதின்னா, பி.காம் படிக்கிற நாம இன்னும் எவ்வளவு யோசிக்கணும்?

இப்போ ரெண்டாவது விஷயம். பயணச் செலவு எல்லாம் சேர்த்து ஒருத்தருக்கு ஒரு லட்சம்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம். 16 சதவீத வட்டிக்கு 24 மாசத் தவணையில கடன் எடுத்தா மாசம் சுமார் 4,900 ரூபாய். கட்டி முடிக்கும்போது 1,17,500 ஆகியிருக்கும். அதே ஒரு லட்சத்தை 24 மாசத்துல சேக்கணும்னா, 6.5 சதவீத வட்டி தர்ற ஆர்.டி.யில மாசம் சுமார் 3,900 போட்டாப் போதும். வித்தியாசம் மாசம் ஆயிரம், ரெண்டு வருஷத்துக்கு 24,000. ஒரே பயணம், ஒரே ரேஸ். கடன்காரனுக்கு மட்டும் கூட 24,000 செலவு.

முதல் வருஷமே நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்தான் இது. மூலதனச் செலவு, வருவாயினச் செலவு. பல வருஷம் பலன் தர்ற பொருளுக்குக் கடன் வாங்கினா அர்த்தம் இருக்கு, பொருள் உழைச்சுக்கிட்டே கடனை அடைக்கும். ரேஸ் டிக்கெட் ஞாயித்துக்கிழமை ராத்திரி தீந்து போற சரக்கு. தீந்து போன சரக்குக்கு ரெண்டு வருஷம் தவணை கட்டுறவன், மூணாவது மாசமே அந்த ரேஸைத் திட்ட ஆரம்பிப்பான். ஆசைப்பட்ட விஷயம் அப்படி வெறுத்துப் போறதுதான் வட்டியைவிடப் பெரிய நஷ்டம்.

நம்ம பக்கம் கோயில் கொடை எப்படி நடக்குது? முதல்ல வரி பிரிப்பாங்க. பிறகுதான் வில்லுப்பாட்டு, மேளம், பந்தல் எல்லாம். கையில வந்த காசுக்குத் தக்கன கொடை. கொடையும் மூணு நாள்ல முடிஞ்சுரும், ஆனா யாரும் அதை வீண் செலவுன்னு சொல்றதில்ல, மறுநாள் யார் வீட்டு வாசல்லயும் கடன்காரன் நிக்கிறதும் இல்ல. ரேஸுக்கும் இதே வழிதான் சரி.

"சேத்து முடிக்கிறதுக்குள்ள ரேஸே போயிருச்சுன்னா?" நல்ல கேள்வி. 2008-ல ஃபார்முலா ஒன்னோட முதல் இரவு ரேஸா ஆரம்பிச்ச சிங்கப்பூருக்கு 2028 வரைக்கும் ஒப்பந்தம் இருக்கு. ஆக, நமக்கு ஒரு கெடுத் தேதி கிடைச்சாச்சு. அதுல இருந்து பின்னோக்கி எண்ணி மாசத்தொகையை முடிவு பண்ணுங்க. காலம் போதலன்னா செலவைக் குறைங்க, கடனைக் கூட்டாதீங்க.

குறைக்க வழி இருக்கு:

1. பாஸ்போர்ட்டை இப்பவே எடுங்க. திருநெல்வேலி சேவா கேந்திரம், 1,500 ரூபாய், பத்து வருஷம் செல்லும். இந்தப் பயணத்துல மூலதனச் செலவுன்னா இது ஒண்ணுதான் :-)

2. வாகைக்குளத்துல 2025 ஜூலையில புது டெர்மினல் திறந்தாச்சு, ஆனா சிங்கப்பூருக்கு நேரா ஏற முடியாது. திருச்சிதான் வசதி. நம்ம ஸ்டேஷன்லயே செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறிரலாம். 2023 டிசம்பர் வெள்ளத்துல அதே ரயில் ஸ்ரீவைகுண்டத்துல மாட்டி நின்னது மறந்திருக்காது, அதனால ஒரு நாள் முன்னாடியே கிளம்புங்க.

3. மூணு நாள் டிக்கெட் கட்டாயம் இல்ல. வெள்ளிக்கிழமை டிக்கெட் ஞாயித்துக்கிழமையைவிட மலிவு. வெள்ளிக்கிழமையும் அதே காரு, அதே டிரைவருங்க, அதே சத்தம்தான். ஞாயித்துக்கிழமை ரேஸ் நம்ம நேரத்துக்குச் சாயங்காலம் 5.30 மணி. ரூம்ல டிவியில பாத்தாலும் குடி முழுகிடாது.

4. ரேஸ் வாரத்துல சிங்கப்பூர் ரூம் வாடகை எகிறும். பாலம் தாண்டி ஜோகூர் பாருவுல தங்குறவங்க உண்டு. மலேசியா 2023 டிசம்பர்ல இருந்து இந்தியர்களுக்கு விசா இல்லாம 30 நாள் அனுமதி கொடுத்திருக்கு. நீங்க போற சமயம் அது இருக்கான்னு பாத்துக்கங்க. சிங்கப்பூர் விசாவும் பல முறை நுழையிற மாதிரி இருக்கணும்.

5. கார்டு தேய்க்கும்போது "ரூபாயில கட்டுறீங்களா?" என்று மெஷின் கேட்டா வேண்டாம்னு சொல்லி, அந்த ஊர்க் காசுலயே கட்டுங்க. ரூபாய்க்கு மாத்துறதுல அவங்க ஒரு லாபம் வெச்சிருப்பாங்க.

6. டூர் பேக்கேஜ் எடுத்தா டி.சி.எஸ். பிடிப்பாங்க. கம்பெனி பேரு இல்லப்பா, முன்கூட்டியே பிடிக்கிற வரி. ரிட்டர்ன் தாக்கல் பண்ணித் திரும்பக் கேக்கலாம், ஆனா அதுவரைக்கும் அந்தக் காசு முடங்கிக் கிடக்கும்.

இதுக்கெல்லாம் முன்னாடி ஒரு சோதனை ஓட்டம். இருங்காட்டுக்கோட்டையில 1990-ல இருந்து ரேஸ் நடக்குது. சென்னைத் தீவுத்திடலைச் சுத்தி 2024-ல தெரு ரேஸே நடந்துச்சு. நேர்ல பாத்தா, டிவி மாதிரி முழு ரேஸும் தெரியாது. நீங்க நிக்கிற வளைவுல கார் ரெண்டு செகண்டுல பறந்துரும், பிறகு அடுத்த சுத்துக்குக் காத்திருக்கணும். வெயில்ல நின்னு காத்திருக்கிறதும் பிடிச்சா, நீங்க சிங்கப்பூருக்குத் தகுதி. பிடிக்கலன்னா சென்னை பஸ் டிக்கெட்டோட ஆசை தீந்துச்சு, லட்ச ரூபாய் மிச்சம்.

போறவன் ஆடம்பரக்காரனும் இல்ல, போகாதவன் கஞ்சனும் இல்ல. திரும்பி வந்து இறங்கும்போது பையில கதை மட்டும் இருக்கணும், தவணை அட்டை இருக்கக் கூடாது. நான் இந்த மாசமே ஆர்.டி. ஆரம்பிக்கிறேன். கூட வர்றவங்க கை தூக்குங்க.

டிஸ்கி: வட்டி விகிதம் ரெண்டும் கணக்குப் போட வசதியா நான் எடுத்துக்கிட்டது. உங்க பேங்க்ல என்ன சொல்றாங்களோ அதைப் போட்டுப் பாருங்க. தொகை மாறும், முடிவு மாறாது.