மூட்டத்துக்குள் நின்ற படகு

இம்மாதம் வேறொன்றை எழுதத்தான் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். அதை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். தை மாதக் கடைசியில் இரணைதீவுக் கடலில் நான் கழித்த ஒரு காலைப்பொழுதுதான் காரணம். கடலைப் பற்றி எழுத எனக்குத் தகுதி எதுவுமில்லை. பாக்கு விரிகுடாவின் கரையோரக் கிராமங்களில் பயனாளிகள் பட்டியலும் கையுமாக வருடக்கணக்கில் அலைந்திருக்கிறேனே தவிர, விடியப்புறத்தில் வலை இழுக்கும் படகொன்றில் அதற்கு முன் ஒரு தடவைகூட ஏறியதில்லை.

என் தோழியின் பெயரை இங்கே எழுதவில்லை. 2009 இல் செட்டிகுளம் முகாமின் தண்ணீர் வரிசையில் பழக்கமானவள். என்னைவிட ஒரு வயது மூத்தவள். ஆனாலும் "நீ", "வாடி" என்றுதான் எங்கள் கதை. முகாமால் வந்தபின் நான் சமூகவியல் படிக்கப் போனேன். அவள் கலியாணம் முடித்து, கணவனோடு கடலுக்குப் போனாள். உதவிக்கு ஆள் பிடித்தால் கூலி கொடுக்க வேண்டும், மனுசி வந்தால் கூலி மிச்சம் என்ற கணக்கில் தொடங்கியதுதான் அது. 2019 இல் கணவன் காய்ச்சலில் இறந்த பிறகும் அவள் கடலை விடவில்லை. இப்போது தமையனின் மகனைக் கூட்டிக்கொண்டு நண்டுத் தொழிலுக்குப் போகிறாள். பத்தொன்பது வயதுப் பொடியன். அவளை "மாமி" என்பான், என்னை "மிஸ்" என்பான்.

இரணைதீவைப் பற்றி வாசகியர் பலருக்கும் நினைவிருக்கும். பெரியதீவு, சின்னத்தீவு என்று இரண்டு தீவுகள். 1992 இல் அங்கிருந்த சனங்கள் இடம்பெயர்ந்து, பிறகு முழங்காவிலுக்குக் கிட்ட இரணைமாதாநகரில் குடியேறினார்கள். போர் முடிந்து வருடங்கள் போயும் தீவு திரும்பிக் கிடைக்கவில்லை. 2017 மே மாதம் தொடங்கிய போராட்டத்தில் கூடுதலாக இருந்தவர்கள் பெண்களே. ஒரு வருடத்துக்குக் கிட்டக் காத்திருந்து பார்த்துவிட்டு, 2018 ஏப்ரல் 23 ஆம் திகதி படகுகளில் வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டு தாங்களாகவே தீவில் போய் இறங்கினார்கள். அந்தப் படகுகளில் ஒன்றை ஓட்டிப் போனவன் என் தோழியின் கணவன். அணியத்தில் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். படத்தில் தன்னுடைய முழங்கை மட்டும் விழுந்திருக்கிறது என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

பிள்ளைகளின் படிப்புக்காக வீடு இரணைமாதாநகரில். தொழிலுக்காகத் தீவில் ஒரு வாடி. முதல்நாள் பின்னேரமே நான் அந்த வாடிக்குப் போய்விட்டேன். "போனைக் கரையில வைச்சிட்டு வா. உப்புத்தண்ணி பட்டால் சரி" என்றாள். வைத்துவிட்டேன்.

நாலு மணிக்கு வெளிக்கிட்டோம். பதினெட்டடி பைபர் படகு, மண்ணெண்ணெய் இயந்திரம். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறிய நாளிலிருந்து, எந்தப் பக்கம் எவ்வளவு ஓடுவது என்பதையெல்லாம் அவள் போத்தல் கணக்கில்தான் சொல்வாள். உயிர்காப்பு அங்கி இரண்டுதான் இருந்தது. ஒன்றை எனக்கு மாட்டினாள். மற்றதைப் பொடியன் போட்டுக்கொண்டான். உனக்கு என்று கேட்டேன். "உதைப் போட்டால் எனக்குக் கை எழும்பாது" என்றாள்.

வானம் நிறைய நட்சத்திரம். காற்று துளியும் இல்லை. கடல் எண்ணெய் ஊற்றினதுபோலக் கிடந்தது. நான் அழகு என்றேன். அவள் பேசவில்லை. "காத்துச் செத்துப்போய்க் கிடக்கு. நல்லதில்லை" என்று பொடியனிடம் மெல்லச் சொன்னது கேட்டது. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து வானம் வெளித்த தை, மாசி இரவுகளில் தரை சூட்டைக் கெதியாக இழந்துவிடும். தரையை ஒட்டிய ஈரக்காற்று குளிர்ந்து பனிமூட்டமாகும். காற்று வீசினால் அது கலைந்துபோகும், வீசாவிட்டால் தரையிலிருந்து மெதுவாக வழுகி, கரையோரத்து ஆழமில்லாத கடலின் மேலும் வந்து படுக்கும். இதையெல்லாம் பின்னர் ஆறுதலாக இருந்து வாசித்தேன். அவளுக்கு அந்த நாலு மணிக்கே தெரிந்திருந்தது.

முதல்நாள் விட்ட வலை எட்டுத் துண்டு. அஞ்சேகாலுக்கு இழுக்கத் தொடங்கினார்கள். நண்டு வலை இழுப்பது மீன் வலை மாதிரி இல்லை. ஒவ்வொரு நண்டும் காலாலும் கொடுக்காலும் வலையைச் சுற்றிக்கொண்டு வரும். கால் முறியாமல் கழற்ற வேண்டும், முறிந்தால் விலை விழும். இங்கே பிடிபடும் நீலக்கால் நண்டில் பெரும்பங்கு சதையாக்கப்பட்டு அமெரிக்காவுக்குப் போகிறது. அந்தத் தகரப்பேணியைத் திறப்பவர்கள் இந்த விரல்களைக் காணமாட்டார்கள். அவளுடைய பெருவிரல் நகம் இரண்டும் பாதிதான். சினை நண்டொன்று வந்தது. கழற்றித் திரும்பக் கடலுக்குள் விட்டாள். ஐந்து துண்டு ஏறி முடிகிற நேரம் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். பொடியனைக் காணவில்லை. அணியத்தில் நிற்கிறான், பதினைந்து அடி தள்ளி. நிழல்போல ஒன்று தெரிகிறது, அவ்வளவுதான்.

எனக்கு நெஞ்சு இடிக்கத் தொடங்கியது. கரை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. பொடியன் தன்னுடைய போனை எடுத்து, நாங்கள் நிற்கும் இடம் நீலப்புள்ளியாகத் தெரிவதைக் காட்டினான். தீவு கிட்டத்தான். "பயப்பிடாதேங்கோ மிஸ், உதைப் பிடிச்சுக்கொண்டே ஓடலாம்" என்றான். நானும் ஆறுதலடைந்தேன். அவள்தான் மறித்தாள். "நாங்கள் எங்கை நிக்கிறம் எண்டு அது சொல்லும். எங்களை நோக்கி என்ன வருது எண்டு சொல்லுமோ? வாயை மூடிக்கொண்டு கேளுங்கோ."

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு முனகல். இயந்திரச் சத்தம்தான், ஆனால் எங்களுடையதைப்போலப் பலமடங்கு. எனக்கு அது வலப்பக்கம் கேட்டது, பொடியன் இடப்பக்கம் என்றான். மூட்டத்துக்குள் சத்தம் ஆளை ஏமாற்றும். அவள் கண்ணை மூடி, தலையை மெல்ல மெல்லத் திருப்பினாள், அடுப்பில் எது கருகுகிறது என்று மணம் பிடிப்பவள்போல. "நேவி இல்லை. றோலர். சத்தம் கனக்குது பார், மடி இழுத்துக்கொண்டு வாறான்."

தமிழ்நாட்டு றோலர்களைப் பற்றி நான் கூட்டங்களில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அடிமடி இழுவையை நமது நாடு 2017 இல் சட்டத்தால் தடை செய்தது, வெளிநாட்டுப் படகுகளுக்கான தண்டப்பணத்தை 2018 இல் கூட்டியது என்றெல்லாம் குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன். அந்தப் படகுகளில் நாட்கூலிக்கு நிற்பவர்களும் ஏழைகள்தான் என்று பேசியுமிருக்கிறேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த நிமிடத்தில் எனக்கு விளங்கியது ஒன்றுதான். மிச்ச மூன்று துண்டு வலையும் எங்கள் படகில் கட்டியபடி தண்ணீருக்குள் கிடக்கிறது. மடி அந்த வலையைப் பிடித்தால் வலையோடு படகும் போகும்.

அவள் கத்தியை எடுத்தாள். "மாமி, வேண்டாம்" என்று பொடியன் கத்தினான். அந்த வலை கடனுக்கு வாங்கியது. ஒரு வெறும் கலனை மிதவையாகக் கட்டிவிட்டு, கயிற்றை இரண்டே இழுவையில் அறுத்தாள். இயந்திரத்தை இயக்கவில்லை, இயக்கினால் காது கேட்காது. பொடியனிடம் துடுப்பைக் கொடுத்து, தானும் ஒன்றை எடுத்துக்கொண்டு, என்னிடம் அலுமினியச் சட்டியையும் கரண்டியையும் தந்தாள். "அடி. நிப்பாட்டாதை." நான் அடித்தேன். சின்னப் படகானாலும் மூட்டத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவையாவது சத்தம் எழுப்ப வேண்டும் என்று சர்வதேசக் கடல் விதி இருக்கிறது. அன்று எங்களுடைய விதி, பழஞ்சோறு கொண்டுவந்த சட்டி.

அது எங்களைக் கடந்து போனது. நான் அதைக் காணவேயில்லை. வெள்ளைக்குள் கொஞ்சம் கறுப்பாக ஏதோ ஒன்று, டீசல் மணம், யாரோ ஒருவர் எங்களைப் போலவே தமிழில் ஏதோ கூப்பிட்ட சத்தம். பிறகு அதன் அலை வந்து படகைத் தூக்கிப் போட்டது. நண்டுக்கூடை கவிழ்ந்தது. நான் சட்டியை அடித்துக்கொண்டே இருந்தேன். அவள் வந்து கையைப் பிடித்து நிறுத்தும்வரை அடித்தேன்.

நங்கூரத்தைப் போட்டாள். கயிற்றைக் கைவிரித்து அளந்து, "மூண்டு பாகம்" என்றாள். மூட்டம் எழும்பும்வரை ஓடுவதில்லை என்று முடிவு. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் அப்படியே இருந்தோம். இடைக்கிடை சட்டியை மட்டும் தட்டினோம்.

அந்த நேரத்தில்தான் கேட்டேன், இந்த வலைக்கு நட்டஈடு கேட்கலாமா என்று. "கேக்கலாம். மச்சான்தான் கேக்கவேணும்" என்றாள். எனக்கு விளங்கவில்லை. கணவன் இறந்ததும் படகைக் கணவனின் தம்பியின் பெயருக்கு மாற்றினார்களாம். "பொம்பிளையின்ர பேரில என்னத்துக்கு, கடலுக்குப் போறது ஆம்பிளையள்தானே" என்று ஓரிடத்தில் சொன்னார்கள். அவளும் அந்த நேரம் சண்டை பிடிக்கும் நிலையில் இல்லை. மச்சானுக்கு வேறு படகு இருக்கிறது, இந்தப் படகில் அவர் ஏறுவதேயில்லை. நல்ல மனுசன், கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுத் தருவார். ஆனால் கேட்க வேண்டும். சங்கத்தில் அங்கத்தவர் அவர், காப்புறுதி அவர் பெயரில். "இண்டைக்கு அது எங்களில ஏறியிருந்தால், படகில நிண்டது ஆர் எண்டு ஒருத்தருக்கும் தெரியாதடி" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்துவிட்டது. 2021 இல் பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கான வாழ்வாதார உதவிக்கு அவளுடைய படிவத்தை நிரப்பியவள் நான்தான். "கடலுக்குப் போறனான் எண்டு போடு" என்றாள். பதிவில்லாமல் அப்படி எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நான்தான் சொன்னேன். தொழில் என்ற இடத்தில் 'வீட்டுப்பணி' என்று என் கையெழுத்தில் எழுதினேன். உதவி கிடைத்தது. பத்துக் கோழிகளும் ஒரு கூடும். கோழிகளை ஒரு மாதத்துக்குள் கீரி பிடித்துவிட்டது. கூடு இன்னமும் இருக்கிறது, அதற்குள்தான் வலை வைக்கிறாள்.

அதே வருடங்களில் நான் மின்விசிறிக்குக் கீழே நின்று பயிற்சிப் பட்டறை நடத்தியவள். உலக உணவு விவசாய நிறுவனம் 2014 இல் சிறு அளவிலான மீன்பிடிக்குக் கொண்டுவந்த வழிகாட்டுதல்களில் பால்நிலைச் சமத்துவத்துக்கென்றே ஒரு அத்தியாயம் உண்டு. அதைச் சுவரில் படமாகக் காட்டிப் படிப்பித்தேன். பெண்கள் வலை தெரிகிறார்கள், கருவாடு போடுகிறார்கள், சந்தைக்குப் போகிறார்கள் என்று அடுக்கினேன். படகுக்குள் இருப்பவளைப் பற்றி நான் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. அந்த மண்டபத்தில் மூன்றாம் வரிசையில் அவளும் இருந்தாள்.

இதைப் படகில் வைத்து அவளிடம் சொன்னேன். "எனக்குத் தெரியும். கோழி கிடைச்சதுதானே" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் இருவரும் கதைக்கவில்லை.

ஏழரை மணியளவில் எங்கிருந்தோ ஒரு மாடு கத்தியது. திறந்த கடல் என்று நான் எண்ணிக்கொண்டிருந்த பக்கத்திலிருந்து கேட்டது. 1992 இல் விட்டுவிட்டு ஓடிய மாடுகள் பெருகி, தீவில் காட்டுமாடுகளாகத் திரிகின்றன. அவள் எழும்பி நின்று, "அந்தா வீடு" என்று கையை நீட்டினாள். எட்டரைக்கு வெயில் விழுந்து மூட்டம் கிழிந்தபோது, அவள் கை நீட்டிய பக்கம் தீவு இருந்தது.

மிதவையைத் தேடினோம். மூன்று துண்டில் ஒன்று கிடைத்தது. இன்னொன்றின் கிழிந்த நுனி ஈயக்குண்டோடு கிடந்தது. மற்றது இல்லை. பொடியன் அழுதான். அவள் அவனைப் பார்க்காததுபோல நண்டைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று பின்னேரம் வாடிக்கு வெளியே இருந்து முறைப்பாட்டுக் கடிதத்தை நான் எழுதினேன். நேரம், இடம், வலைத்துண்டு எத்தனை என்றெல்லாம் எழுதி, படகில் இருந்தோர் என்ற இடத்தில் முதலாவதாக அவளுடைய முழுப்பெயரைப் போட்டேன். பக்கத்தில் 'கடற்றொழிலாளி, படகை ஓட்டியவர்' என்று எழுதினேன். இரண்டாவது பொடியன். மூன்றாவது நான். பொடியன் எட்டிப் பார்த்துவிட்டு, "மிஸ், உங்கட பேருக்குப் பக்கத்தில என்ன தொழில் போடப்போறியள்?" என்று கேட்டான்.

"வீட்டுப்பணி எண்டு போடன்" என்றாள் அவள், உள்ளே தேத்தண்ணி ஊற்றியபடி.

கடிதத்தை அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கியவர் படகுச் சொந்தக்காரரின் கையெழுத்து எங்கே என்று கேட்டிருக்கிறார். மச்சான் அடுத்தநாளே போய்க் கீழே கையெழுத்துப் போட்டார், மேலே உள்ள வரியை அழிக்கச் சொன்னதற்கு மறுத்தும்விட்டார். படகைத் திரும்பத் தன் பெயருக்கு மாற்றுவதற்கான விண்ணப்பத்தையும் அவள் அதோடு கொடுத்திருக்கிறாள். இரண்டுக்கும் இதை எழுதும்வரை பதில் வரவில்லை. வலைக்கடனில் இன்னும் ஏழு மாதத் தவணை இருக்கிறது.