கிளினிக் கொப்பியும் அரைப் பேரும்

மூட்டுவாதம், லூபஸ், சிறுநீரக நோய் என்று நீண்டகால நோய்களுக்கு மருந்து எடுப்பவர்கள் நமது லயங்களிலும் இருக்கிறார்கள். பிரெட்னிசோலோன், மெதோட்ரெக்சேட், அசதயோபிரின் போன்ற மருந்துகள் நோயை அடக்குகின்றன. கூடவே, கிருமியை எதிர்க்கும் உடலின் சக்தியையும் குறைக்கின்றன. மருந்து எடுப்பவரும் வீட்டாரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

பிரெட்னிசோலோன் எடுப்பவருக்குக் கிருமி தொற்றினாலும் காய்ச்சல் வெளியே தெரியாமல் போகலாம். ஆகவே குளிர் நடுக்கம், மூச்சு வாங்குதல், சலக்கடுப்பு, சிவந்து வீங்கும் புண் எது கண்டாலும் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். உடம்பில் உறங்கிக் கிடக்கும் காசநோயும் இம்மருந்துகளால் தலைதூக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். காசநோய்ச் சிகிச்சை அரசாங்கத்தில் இலவசம். பக்கத்துக் காம்பராவில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால், நமக்குக் கொப்புளம் வரும்வரை காத்திருக்கக் கூடாது.

1916இல் ராக்பெல்லர் நிறுவனம் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. அதைப் போலவே வெறுங்காலின் தோல் வழியே நுழையும் ஸ்ட்ரோங்கிலாய்ட்ஸ் என்ற புழு, பல ஆண்டுகள் குடலில் சத்தமில்லாமல் இருக்கும். ஸ்டீரொய்ட் மருந்து எடுக்கும்போது அது பெருகி உயிரையே பறிக்கலாம். வெறுங்காலோடு மலையில் வேலை செய்தவர்கள் மருந்து தொடங்குமுன் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இதற்குப் பயந்து மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நெடுநாள் எடுத்த பிரெட்னிசோலோனைத் திடீரென விட்டால் இரத்த அழுத்தம் விழுந்து ஆள் மயங்கிச் சாயலாம். மூட்டுவாதத்துக்குத் தரும் மெதோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே. தினமும் விழுங்கினால் அதுவே நஞ்சாகும்.

இவ்வளவும் தெரிந்தாலும், கிளினிக் போகும் நாளில் பேர் இல்லையென்றால் தொழிலாளி என்ன செய்வார்? இருமலோடு பிரட்டுக்குப் போவார். அரைப் பேராவது கிடைக்கட்டும் என்று மழையில் கொழுந்து எடுப்பார். இதை அவரது சொந்தப் பிரச்சினை என்று தள்ளிவிட முடியாது. 1912ஆம் ஆண்டின் வைத்திய தேவைகள் கட்டளைச் சட்டம், லயங்களைச் சுகாதாரமாக வைத்திருப்பதையும் நோயாளிகளைக் கவனிப்பதையும் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலேயே எழுதப்பட்ட கடமை இது.

நமது கோரிக்கைகள் எளியவை. கிளினிக் கொப்பியைக் காட்டினால் அன்றைய பேர் போட வேண்டும். நோய் கூடிய நாட்களில் இலகுவான வேலை தர வேண்டும். மலையில் சுத்தமான தண்ணீரும் மலசலகூடமும் வேண்டும். காலுக்குச் சப்பாத்தும் கைக்கு உறையும் வேண்டும்.

கிளினிக் நாளுக்குப் பேர் மறுக்கப்பட்டால், திகதியையும் டிவிஷனையும் எழுதித் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொடுங்கள். அந்தக் கடதாசிகளோடுதான் நாம் நிர்வாகத்தின் முன் உட்காரப் போகிறோம்.