பழைய எண்ணையும் போடுங்க பாஸ்: காமிக்ஸ் ‘நம்பர் 1’ குழப்பத்துக்கு என்ன தீர்வு?

கள்ளக்குறிச்சிக்காரர்களுக்குப் பெயரும் நம்பரும் மாறுவது புதுசு இல்லை. 1993 வரை அவர்கள் தென்னாற்காடு மாவட்டம். அதன்பிறகு விழுப்புரம் மாவட்டம். 2019 ஜனவரியில் தனி மாவட்ட அறிவிப்பு வந்தபோது ‘தமிழ்நாட்டின் 33-வது மாவட்டம்’ என்றார்கள். அதே ஆண்டு நவம்பர் 26-ம் தேதி மாவட்டம் தொடங்கியபோது அது 34-வது ஆகிவிட்டது. நான்கு நாள் முன்னால் தென்காசி முந்திக்கொண்டது!

இத்தனை மாற்றத்திலும் யாருடைய வீடும் தொலைந்துபோகவில்லை. காரணம் சிம்பிள். நிலப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்: ‘பழைய சர்வே எண் இது, புதிய சர்வே எண் இது’ என்று இரண்டும் இருக்கும். நம்ம ஊர்த் தெருக்களில் கதவிலும் அப்படித்தான்: பழைய எண், புதிய எண். நம்பரை மாற்றுகிறவர்கள் பழசையும் எழுதி வைக்க வேண்டும் என்பது நமக்கு ரொம்ப நாளாகவே தெரியும்.

இந்தச் சின்ன மரியாதை காமிக்ஸ் வாசகருக்கு மட்டும் ஏன் கிடைப்பதில்லை?

எங்கிருந்து ஆரம்பிப்பது?

கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சொந்த ஊராகக் கொண்ட ஓர் இளைஞரை வைத்துக்கொள்வோம். சென்னையில் வேலை. ஸ்பைடர்மேன் படம் எல்லாம் பார்த்தாயிற்று. மூலக் கதையைப் படிக்கலாமே என்று ‘தி அமேசிங் ஸ்பைடர்மேன்’ முதல் இதழைத் தேடுகிறார். ஒன்று இல்லை, ஏழு ‘முதல் இதழ்’ வந்து நிற்கிறது. 1963, 1999, 2014, 2015, 2018, 2022, 2025. ஏழிலும் அட்டையில் நம்பர் 1.

அது வேண்டாம், தமிழிலேயே படிக்கலாம் என்று திரும்புகிறார். மாவட்டப் புத்தகத் திருவிழாவில் ஒரு ஸ்டால். லயன், முத்து என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். ‘கேப்டன் டைகர்’ நல்லா இருக்கும் என்று நண்பர் சொன்னது ஞாபகம் வருகிறது. எந்தப் புத்தகம் முதல்? அட்டையில் ஒரு நம்பர் இருக்கிறது. அது கதையின் நம்பரா, பத்திரிகையின் நம்பரா? பின்னட்டையைத் திருப்பினாலும் பதில் இல்லை. ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று நகர்ந்துவிடுகிறார்.

அந்த ‘அப்புறம்’ பெரும்பாலும் வருவதே இல்லை. பிரச்சினையே அதுதான்.

ஒரே தொடருக்கு ஏன் ஏழு முதல் இதழ்?

காரணம் வியாபாரம். 441 இதழ் ஓடிய தொடரை 442-ல் வந்து பிடிக்க யாருக்கும் தயக்கம் இருக்கும். அட்டையில் ‘1’ என்று போட்டால் புது வாசகர் தைரியமாக எடுப்பார், சேகரிப்பவர் இரண்டு பிரதி வாங்குவார் என்பது கணக்கு. 2014-ல் வந்த ஸ்பைடர்மேன் ‘நம்பர் 1’ கடைகளுக்கு 5 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனதாக மதிப்பிடப்பட்டது. இப்படி ஒரு வரவேற்பு கிடைத்தால் எந்த நிறுவனம்தான் சும்மா இருக்கும்? அடுத்த ஆண்டே இன்னொரு ‘நம்பர் 1’ வந்தது.

வேடிக்கை என்னவென்றால், பெரிய நம்பருக்கும் மவுசு உண்டு. 500, 1000 என்றால் கொண்டாட்டம், ஸ்பெஷல் அட்டை, கூடுதல் விலை. அதனால் 1999-ல் ஒன்றிலிருந்து ஆரம்பித்த அதே ஸ்பைடர்மேன், 58-வது இதழுக்கு அடுத்து 2003-ல் திடீரென்று 500-க்குத் தாவியது. டிசி நிறுவனமும் இதே வேலையைச் செய்தது. சூப்பர்மேன் அறிமுகமான ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ 1938-ல் தொடங்கிய இதழ். 2011-ல் அதை மறுபடி 1 ஆக்கினார்கள். 2016-ல் 957 என்று பழைய கணக்குக்குத் திரும்பினார்கள். 2018-ல் 1000-வது இதழைக் கொண்டாடினார்கள். அதாவது, விற்பனைக்கு 1 தேவைப்பட்டால் 1. விழாவுக்கு 1000 தேவைப்பட்டால் 1000.

ஒரு விஷயத்தில் மார்வெலைப் பாராட்டலாம். 2017-க்குப் பிறகு அட்டையில் புது எண்ணோடு பழைய தொடர் கணக்கையும் சின்னதாகப் போடுகிறார்கள். 2022-ல் தொடங்கிய வரிசையின் 6-வது இதழ், பழைய கணக்கில் 900-வது இதழ். நம்ம ஊர்க் கதவு எண் அங்கே போய்ச் சேர நிறைய நாளாகியிருக்கிறது!

தமிழில் கதையே வேற

தமிழ் காமிக்ஸில் யாரும் நம்பரை அழித்து மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பதில்லை. இங்கே சிக்கல் பெயரிலும் வரிசையிலும் இருக்கிறது.

முதலில் பெயர். 1972-ல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் நாயகன் ‘இரும்புக்கை மாயாவி’. பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் 1962-ல் அறிமுகமான ‘ஸ்டீல் கிளா’தான் அவர். இதற்கிடையில் இந்திரஜால் காமிக்ஸின் தமிழ்ப் பதிப்பில் ‘ஃபேன்டம்’ வந்தார். அங்கே அவர் பெயர் வேதாளர். அதே ஃபேன்டம் 1984-ல் தொடங்கிய ராணி காமிக்ஸுக்குப் பிற்பாடு வந்தபோது ‘முகமூடி வீரர் மாயாவி’ ஆனார். ஆக, ஒரே ஆளுக்கு இரண்டு பெயர், இரண்டு ஆளுக்கு ஒரே பெயர். தாத்தா “மாயாவி படிச்சிருக்கியா?” என்று கேட்டால், “எந்த மாயாவி?” என்றுதான் பேரன் திருப்பிக் கேட்க வேண்டும்.

1984-ல் வந்த லயன் காமிக்ஸின் ‘ஸ்பைடர்’ இன்னொரு உதாரணம். அவர் மார்வெலின் ஸ்பைடர்மேன் கிடையாது. குற்றவாளியாக அறிமுகமாகி, பிறகு நல்லவர் பக்கம் வந்த பிரிட்டிஷ் நாயகர். படம் பார்த்துவிட்டு வாங்கும் இன்றைய வாசகருக்கு இதை யார் சொல்வது?

அடுத்து வரிசை. கேப்டன் டைகர் பிரெஞ்சில் ‘புளூபெர்ரி’. 1963-ல் ‘பிலோட்’ வார இதழில் தொடங்கிய தொடர். அதன் 11, 12-வது ஆல்பங்கள்தான் தமிழில் ‘தங்கக் கல்லறை’. தமிழ் வாசகர்கள் டைகரைச் சந்தித்ததே அந்தக் கதையில்தான். 13-வது ஆல்பத்தில் தொடங்கும் நீண்ட கதை ‘மின்னும் மரணம்’. 2015-ல் ஒரே தொகுப்பாக வந்தது. முதல் ஐந்து ஆல்பங்களின் தொகுப்பான ‘இரத்தக் கோட்டை’ வந்தது அதற்கும் பின்னால். இது போதாதென்று ‘இளம் டைகர்’ என்று தனி வரிசை வேறு. எழுதப்பட்டது பின்னால், நடப்பது முன்னால்.

‘இரத்தப் படலம்’ இன்னும் சுவாரஸ்யம். தன் பெயரே தெரியாத ஒருவன், உடம்பில் 13 என்ற எண் மட்டும் பச்சை குத்தியிருக்கிறது. 1984-ல் பெல்ஜியத்தில் தொடங்கிய இந்தக் கதை தமிழில் ஆண்டுக்கணக்கில் துண்டு துண்டாக வந்தது. 2010-ல் 18 பாகங்களும் ஒரே கறுப்பு வெள்ளைத் தொகுப்பாகவும், 2018-ல் வண்ணத்திலும் வந்தன. நடுவில் எந்தப் பாகத்தையாவது எடுத்துப் படித்தவர்களின் நிலையும் அந்த நாயகனின் நிலைதான். கையில் ஒரு நம்பர் இருக்கிறது, முன்கதை தெரியவில்லை.

இத்தனைக்கும் மேல் பத்திரிகை எண் தனி. லயனுக்கு ஒரு கணக்கு, முத்துவுக்கு ஒரு கணக்கு, ஜம்போவுக்கு ஒரு கணக்கு. அட்டையில் இருப்பது அந்தப் பத்திரிகையின் வயது. கதையின் வரிசை அதில் இல்லை.

நம்பர் கணக்கு பிசகுவது நம் நாட்டில் பழைய கதையும்கூட. 1964 முதல் 1990 வரை வந்த இந்திரஜால் காமிக்ஸில் 123, 124-வது இதழ்கள் அச்சாகவே இல்லை. அச்சகத்தில் வேலைநிறுத்தம். கடைசி எண் 805, வந்தது 803 இதழ்கள். 443-வது இதழுக்குப் பிறகு ‘தொகுதி 20, எண் 1’ என்று முறையையே மாற்றினார்கள். வராத அந்த இரண்டு இதழ்களைத் தேடி அலைந்தவர்கள் எத்தனை பேரோ!

“அதெல்லாம் பார்க்காம படிப்பா” என்பவர்களுக்கு

பழைய வாசகர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். ‘நாங்க எல்லாம் பழைய பேப்பர் கடையில் கிடைச்சதைப் படிச்சு வளர்ந்தவங்க. வரிசையா பார்த்தோம்?’ என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. டெக்ஸ் வில்லர் கதைகள் பெரும்பாலும் தனித்தனியாக முடிந்துவிடுபவை. எங்கே நுழைந்தாலும் புரியும்.

பதிப்பகத்தின் பக்கமும் நியாயம் உண்டு. ஐரோப்பாவில் உரிமை வாங்கி, குறைந்த பிரதிகளில் அச்சிட்டு, சந்தாதாரர்களை நம்பி நடத்துகிறார்கள். சுமாரான முதல் ஆல்பத்தைப் போட்டுக் கையைச் சுட்டுக்கொள்வதைவிட, அருமையான 11-வது ஆல்பத்தை முதலில் போடுவது புத்திசாலித்தனம். ‘தங்கக் கல்லறை’ முதலில் வந்ததால்தான் டைகருக்குத் தமிழில் இத்தனை ரசிகர்கள். அந்த முடிவைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் காலம் மாறிவிட்டது. பழைய பேப்பர் கடையில் சில்லறைக் காசுக்கு வாங்கிய புத்தகம் புரியாவிட்டால் நஷ்டம் இல்லை. இன்றைய வண்ண ஆல்பத்துக்கு நூற்றுக்கணக்கில் கொடுக்க வேண்டும். கல்வராயன் மலை கிராமத்திலிருந்து ஆர்டர் செய்பவருக்குக் கூரியர் செலவும் சேரும். தப்பான பாகம் வந்துவிட்டால் மலையிறங்கிப் போய் மாற்றிக்கொள்ளப் பக்கத்தில் காமிக்ஸ் கடை கிடையாது. நகரத்துச் சேகரிப்பாளருக்கு இந்தக் குழப்பம் ஒரு விளையாட்டு. அவருக்கு அது வீண் செலவு.

போட்டியையும் பாருங்கள். ஜப்பானின் ‘ஒன் பீஸ்’ 1997-ல் தொடங்கியது. நூறு தொகுதிகளைத் தாண்டிவிட்டது. எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டால் பதில் ஒரே வார்த்தை: ஒன்று. மாங்கா பக்கம் இளைஞர்கள் சாய்வதற்குப் பல காரணங்கள் உண்டு. இந்தத் தெளிவும் அதில் ஒன்று. இத்தாலியின் டெக்ஸ் இதழும் அப்படித்தான். இப்போதைய மாத இதழ் வரிசை 1958-ல் தொடங்கியது. எண்ணை அழிக்காமல் 2019-ல் 700-ஐத் தொட்டது. நீளமான தொடர் என்றாலே குழம்பத்தான் வேண்டும் என்று விதி எதுவும் இல்லை.

வரிசை தெரிந்தவர்கள் ரசிகர் குழுக்களில் இருக்கிறார்கள். கேட்டால் பொறுமையாகச் சொல்வார்கள். ஆனால் ஒரு புத்தகத்தைப் படிக்க முதலில் ஒரு குழுவில் சேர வேண்டும் என்றால், புதியவர் வாசலிலேயே திரும்பிவிடுவார். பழைய வாசகருக்கு வயதாகிக்கொண்டே போகிறது. புதியவர் வராவிட்டால் அந்தச் சந்தாப் பட்டியல் என்ன ஆகும்?

நாலே நாலு வரி போதும்

தலைப்பை மாற்ற வேண்டாம். ‘இரத்தப் படலம்’ மாதிரி ஒரு தலைப்பு அமைவது வரம். வரிசையையும் பதிப்பகமே முடிவு செய்யட்டும். அட்டையின் உள்பக்கத்தில் நாலு வரி மட்டும் போதும்:

1. மூலத் தொடரின் பெயர் என்ன, அதில் இது எத்தனையாவது?

2. தமிழில் இந்த நாயகருக்கு இது எத்தனையாவது புத்தகம்?

3. இதற்கு முன் படிக்க வேண்டியது எது? தேவையில்லை என்றால் ‘தனிக் கதை’ என்று ஒரு வார்த்தை.

4. புதுசா, மறுபதிப்பா? மறுபதிப்பு என்றால் முன்பு எந்தப் பெயரில், எந்த ஆண்டு?

காகிதச் செலவு இல்லை, உரிமைச் சிக்கல் இல்லை. இணையத்தில் விற்கும்போதும் இதே நாலு வரியைப் போடலாம். போன் திரையில் அட்டைப் படத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் வாசகருக்கு அந்த நாலு வரிதான் கடைக்காரர்.

அதுவரைக்கும் புதியவர்களுக்குச் சின்ன வழிகாட்டல்: தனிக் கதை வேண்டுமென்றால் டெக்ஸ் வில்லர், எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். கேப்டன் டைகர் என்றால் ‘இரத்தக் கோட்டை’, ‘தங்கக் கல்லறை’, ‘மின்னும் மரணம்’ என்ற வரிசையில் போகலாம். இடையில் வேறு சில ஆல்பங்களும் உண்டு. ‘இரத்தப் படலம்’ என்றால் முதல் பாகம் கிடைக்கும்வரை பொறுத்திருப்பது நல்லது.

மாவட்டத்தின் பெயர் மாறினாலும் கள்ளக்குறிச்சிக்குத் தபால் போய்ச் சேர்கிறது. பழைய முகவரியை யாரோ ஒருவர் கூடவே எழுதி வைத்ததால்தான் அது நடக்கிறது. புது வாசகரை எதிர்பார்க்கும் காமிக்ஸும் தன் முகவரியைச் சரியாக எழுதி வைக்கட்டும்.