காலில் விழுந்தால் கோபம் ஆறிவிடுமா?



தீபாவளி நெருங்குகிறது. வைட்ஃபீல்ட் நிலையத்தில் டிக்கெட் வரிசை நீண்டுகொண்டே போகிறது. கட்டட வேலைக்காரர்கள், அடுக்குமாடிகளில் பாத்திரம் தேய்க்கும் பெண்கள், வாட்ச்மேன்கள் எல்லோருக்கும் ஊர் நினைப்புத்தான். போய் வரட்டும், அதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. சாதி கடந்து மணந்துகொண்டு இங்கே வந்து பிழைக்கும் இளம் ஜோடிகளுக்கு நம் பெரியவர்கள் சொல்லும் யோசனையைத்தான் நாம் எதிர்க்கிறோம். "நல்ல நாளாகப் பார்த்துப் போங்கள், அப்பன் காலில் விழுங்கள், பெற்ற மனம் இரங்காமலா போகும்?" என்கிறார்கள்.

இரங்கவில்லையே! திருப்பூரில் வேலை செய்த ஓர் இளைஞன், உடன் வேலை செய்த தலித் பெண்ணை 2023 மார்ச் மாதம் மணந்தான். ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டுக்கு இருவரும் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை அருகே பாட்டி வீட்டுக்கு வந்தார்கள். ஏப்ரல் 15 விடியுமுன் பெற்ற தகப்பனே மகனை வெட்டிக் கொன்றான். தடுக்க வந்த பாட்டியையும், அதாவது தன்னைப் பெற்ற தாயையும், கொன்றான். மருமகள் படுகாயத்தோடு உயிர் தப்பினாள். ஊத்தங்கரை நமக்கு அயலூரா? அந்தப் பக்கத்து ஆட்கள் நம் தெருவிலேயே எத்தனை பேர்!

2024 ஜனவரியில், பொங்கலுக்குச் சில நாள் முன்பு, திருப்பூரில் வேலை பார்த்த இன்னொரு பெண்ணைப் பல்லடம் போலீசார் தகப்பனோடு அனுப்பி வைத்தார்கள். அவளும் தஞ்சாவூர் மாவட்டத்துச் சொந்த ஊரில் கொல்லப்பட்டாள்.

பண்டிகையில் கோபம் ஆறும் என்பவர்கள் யோசிக்க வேண்டும். உறவுக்கூட்டம் முழுவதும் கூடியிருக்கும். சாராயம் ஓடும். "உன் மருமகள் எந்தத் தெருக்காரி?" என்று ஒருவன் வாயைக் கிளறினால் போதும். வருகிற நாளும் தங்குகிற வீடும் எல்லோருக்கும் தெரியும். ஆபத்து என்றால் கூப்பிட அங்கே நம்மவர் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

நாம் மட்டும் யோக்கியமா? இரண்டு வருடங்களுக்கு முன் பொங்கல் சமயம், ஒரு பெண்ணின் தாய்மாமன் பழத்தட்டோடு சங்கத்துக்கு வந்தார். வீட்டில் எல்லோரும் மனம் மாறிவிட்டார்கள், அழைத்துப் போக வந்தேன் என்றார். நமக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிரிந்த குடும்பத்தைச் சேர்த்துவைக்கிற பெருமை! காடுகோடியில் அவள் குடியிருந்த அறையின் விலாசத்தை நம் கையாலேயே எழுதிக் கொடுத்தோம். தெருமுனையில் காருக்குள் நான்கு பேர் காத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. பக்கத்து அறைத் தெலுங்கு அம்மாள் அவளைப் பின்பக்கமாக அனுப்பிவிட்டதால் அவள் தப்பினாள். அந்த ஜோடி இன்றுவரை நம் கூட்டங்களுக்கு வருவதில்லை. ஏன் வரவேண்டும்?

இனி யார் பழத்தட்டோடு வந்தாலும், உரியவரைக் கேட்காமல் விலாசமோ போன் நம்பரோ கொடுப்பதில்லை என்று சங்கம் தீர்மானிக்க வேண்டும். "பெற்றவர்களைப் பிரிக்கிறீர்களே" என்று சிலர் கேட்பார்கள். மகளைப் பார்க்க ஆசைப்படும் தாய் ரயிலேறி இங்கே வரட்டும், பிளாட்பாரத்தில் நாலு பேர் நடுவில் பார்த்துப் பேசட்டும். ஆசை உண்மையானால் அதற்கு ஒரு டிக்கெட்தானே செலவு!

சட்டம் ஊமையாக இல்லை. இப்படிப்பட்ட ஜோடிகளுக்கு மாவட்டந்தோறும் தனிப் பிரிவும் 24 மணி நேர உதவித் தொலைபேசியும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 27-ல் உத்தரவிட்டது. பாதுகாப்பு இல்லங்கள் பற்றியும் சொன்னது. கடமை தவறும் அதிகாரி மீது நடவடிக்கை என்றும் அதில் உண்டு. மாவட்டத் தலைநகரில் நின்று, அந்தத் தனிப் பிரிவு எந்த அறையில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். 2005-ம் வருடத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் மனைவிக்கு மட்டும் உரியதல்ல. கூட வாழும் வீட்டில் அடிக்கிற அப்பன், அண்ணன் மீது மகளும் தங்கையும் வழக்குப் போடலாம்.

எப்படியும் போய்த்தான் தீரவேண்டும் என்பவர்களுக்கு, கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கும் நாம் ஒன்று சொல்வோம். போகும்போதே திரும்பும் டிக்கெட்டையும் எடுத்து உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆதார் அட்டையையும் கல்யாணப் பதிவுச் சான்றையும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். இரவு தங்காதீர்கள். எந்த நேரத்துக்குள் போன் வரவேண்டும் என்று இங்கே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181.

போகாதவர்களுக்கு, தீபாவளி அன்று காலை முதல் இரவு வரை சங்க அறை திறந்திருக்கும். சாப்பாடு உண்டு. சமைக்க ஆள் வேண்டும். ஆண்களும் பெயர் கொடுக்கலாம்.