கதவைத் தட்டினவர் கதை மட்டும் போதுமா?

1. போன மாசம் ஓபியில் 23 வயதுப் பெண் ஒருவர். படபடப்பு, ராத்திரி தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. கூட வந்தவர் அப்பா, கொத்தனார். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

ஈசிஜி நார்மல். ரத்தம் நார்மல். தைராய்டும் நார்மல்.

"என்ன பாப்பா ஆச்சு?"ன்னு கேட்டதும் அழுதுவிட்டது.

2. அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல். வீட்டில் முதல் பட்டதாரி. சென்னையில் ஒரு வெளிநாட்டு வங்கியின் பேக் ஆபீஸில் வேலை. வாடிக்கையாளர்களின் ஆவணங்களைச் சரிபார்ப்பது.

அதே கட்டடத்தில் வேறொரு மாடியில் முதலீட்டு வங்கிப் பிரிவு. அங்கே போகணும்னு ஆசை. ரெண்டு வருஷம் ராத்திரி ராத்திரியா படிச்சு விண்ணப்பம் போட்டிருக்கு. இன்டர்வியூவுக்கே கூப்பிடவில்லை. "உங்க பேக்ரவுண்டு செட் ஆகாது"ன்னு ஒரு வரி பதில்.

3. அந்தப் பிள்ளை சொன்னது இது.

"எங்கிருந்தோ வந்தவங்க எல்லாம் ஜெயிச்சிருக்காங்க சார். தினமும் வீடியோ பாக்கிறேன். என்னால முடியலைன்னா என்கிட்டதான் ஏதோ குறை."

ஓபியில் மாத்திரை எழுதிக் கொடுத்தேன். ஆனால் இந்த வாக்கியத்துக்கு என்னிடம் மாத்திரை இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

4. முதலில், முதலீட்டு வங்கி என்றால் என்ன?

நாம் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிற வங்கி வேறு, இது வேறு. ஒரு கம்பெனி முதல்முறை மக்களுக்குப் பங்கு விற்க வேண்டும், அல்லது இன்னொரு கம்பெனியை வாங்க வேண்டும் என்றால் விலையைக் கணித்து, ஆவணம் தயாரித்து, முதலீட்டாளர்களைப் பிடித்து, வேலையை முடித்துக் கொடுப்பவர்கள் இவர்கள். செபியின் விதிகளில் இவர்களுக்கு ‘மெர்ச்சன்ட் பேங்கர்’ என்று பெயர்.

சம்பளம் பெரிசு. வாசல் சின்னது. பேர் பெற்ற மேலாண்மைக் கல்லூரி, ஐஐடி, சி.ஏ. என்று ஒரு சின்ன வட்டத்துக்குள்தான் பெரும்பாலும் ஆள் எடுப்பார்கள்.

5. இந்தத் துறையில் எல்லோரும் சொல்கிற கதை சிட்னி வெய்ன்பெர்க்.

நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. 1907-ல் கோல்ட்மேன் சாக்ஸ் அலுவலகத்தில் துப்புரவுப் பணியாளருக்கு உதவியாளாகச் சேர்ந்தார். 1930-ல் அதே நிறுவனத்தின் தலைவர். 1969-ல் இறக்கும் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1956-ல் ஃபோர்டு கார் கம்பெனி முதன்முதலாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்றபோது ஃபோர்டு குடும்பத்துக்கு ஆலோசகர் இவர்தான்.

கேட்கவே நல்லா இருக்குல்ல?

6. வீடியோக்களில் விட்டுவிடுகிற பகுதி ஒன்று இருக்கிறது.

நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த பால் சாக்ஸ் இந்தப் பையனைக் கவனித்தார். தபால் பிரிவுக்கு மாற்றினார். வணிகப் பள்ளிக்குப் படிக்க அனுப்பினார்.

பால் சாக்ஸ் அன்றைக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் போயிருந்தால்? அதே மூளை, அதே உழைப்பு. கையில் துடைப்பத்தோடே ரிட்டயர் ஆகியிருக்கலாம்.

7. நம் நாட்டுக்கு வருவோம். கல்பனா மோர்பாரியா.

மும்பையில் வேதியியல் பட்டம், பிறகு சட்டம். எம்பிஏ கிடையாது. 1975-ல் ஐசிஐசிஐ நிறுவனத்தின் சட்டப் பிரிவில் சேர்ந்தார். அங்கிருந்து கருவூலம், திட்டமிடல் என்று பொறுப்புகள் விரிந்தன. 2002-ல் ஐசிஐசிஐ, ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்த பெரிய வேலையை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். 2008-ல் ஜே.பி. மார்கன் வங்கியின் இந்தியத் தலைவர்!

கவனிங்க, இவரும் வேதியியல்தான்.

8. இந்தக் கதையிலும் இரண்டாவது ஆள் உண்டு. நம்ம தமிழ்நாட்டுக்காரர், நாராயணன் வாகுல்.

சென்னை லயோலாவில் படித்து, ஸ்டேட் பேங்க் அதிகாரியாக ஆரம்பித்தவர். 1985-ல் ஐசிஐசிஐ தலைவரானார். ‘பெண்ணா ஆணா’ என்று பார்க்காமல் வேலையைப் பார்த்துப் பொறுப்புக் கொடுத்தவர் என்று பேர். லலிதா குப்தே, கல்பனா மோர்பாரியா, பின்னாளில் ஆக்சிஸ் வங்கிக்குத் தலைவரான ஷிகா சர்மா எல்லோரும் அந்தப் பட்டறையில் வளர்ந்தவர்கள்.

ஒரே அலுவலகத்தில் இத்தனை பெண்கள் மேலே வந்தது தற்செயலா? மேலே உட்கார்ந்திருந்தவர் கதவைத் திறந்து வைத்திருந்தார்.

9. வங்கியை விடுங்க. நம்ம புதுக்கோட்டையையே எடுத்துக்குவோம்.

1886-ல் இங்கே பிறந்த முத்துலட்சுமி ரெட்டி. தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். மகாராஜா கல்லூரியில் பையன்களோடு இந்தப் பெண்ணையும் சேர்க்கலாமா என்று ஊரில் பெரிய எதிர்ப்பு. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் "சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-ல் மருத்துவர், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை.

இன்றைக்கு நம்ம கர்ப்பிணித் தாய்மார்கள் வாங்குகிற மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு அவர் பேர்தான்.

திறமை அவருடையது. கையெழுத்து மன்னருடையது. இரண்டில் ஒன்று இல்லாமல் மற்றொன்று என்ன செய்திருக்கும்?

10. இன்னொரு உள்ளூர் விஷயம்.

திருமயம் பக்கம் ராயவரம், கோனாபட்டு போகிறவர்கள் பெரிய பெரிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். பர்மா, இலங்கை, மலேயாவில் வட்டிக்கடை நடத்திய நகரத்தார் கட்டியவை. அந்தக் கடைகளுக்கு டிகிரி தேவைப்படவில்லை. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாகிக் கடையையே நடத்தினார்கள். வேலையைப் பார்த்துப் பார்த்தே வங்கித்தொழில் கற்றார்கள்.

ஆனால் அந்தக் கதவு பெரும்பாலும் சொந்த பந்தத்துக்குத்தான் திறந்தது.

இன்றைய கண்ணாடிக் கட்டட வங்கியில் "அவன் நம்ம காலேஜ்" என்று சொல்வதும் கிட்டத்தட்ட அதேதான். சொந்தம் என்பதன் பேர் மட்டும் மாறியிருக்கு.

11. நான் சொல்ல வருவது ஒன்றுதான்.

வழக்கமில்லாத இடத்திலிருந்து பெரிய நாற்காலிக்கு வந்த ஒவ்வொரு கதையிலும் இரண்டு பேர் இருக்கிறார்கள். தட்டினவர் ஒருவர், திறந்தவர் ஒருவர். நாம் தட்டினவர் கதையை மட்டும் பிள்ளைகளிடம் சொல்கிறோம். கதவு திறக்காதபோது அதுங்க தன்னைத்தானே குற்றவாளி ஆக்கிக்கொள்கின்றன.

தூக்கம் போகிறது. பிறகு என்னிடம் வருகின்றன. சில நேரம் வரக்கூடாத நிலைமையில் கேஷுவால்டிக்கு வருகின்றன.

12. "அப்போ முயற்சி வேண்டாமா டாக்டர்?"

கண்டிப்பா வேணும். திறக்கிற மனசு உள்ளவரும் எதையாவது பார்த்துத்தானே திறப்பார்? அந்த ‘எதையாவது’ உங்கள் கையில் இருக்க வேண்டும்.

எங்க ஆளு ஒருத்தர், மைக்கேல் பரி. அமெரிக்க டாக்டர். ஸ்டான்ஃபோர்டில் நரம்பியல் பயிற்சியில் இருந்தபோதே ராத்திரியில் பங்குகளைப் பற்றி இணையத்தில் எழுதுவார். 2000-ல் மருத்துவத்தை விட்டு சொந்தமாக முதலீட்டு நிதி தொடங்கினார். ஜோயல் கிரீன்பிளாட் என்ற பெரிய முதலீட்டாளர் அதில் பங்கு வாங்கினார். டாக்டர் பட்டத்தைப் பார்த்து வாங்கவில்லை. எழுதி வைத்திருந்ததைப் படித்திருந்தார்.

(இவர் செய்தது நிதி மேலாண்மை, முதலீட்டு வங்கி வேலை கிடையாது. ஆனால் பாடம் ஒன்றுதான்.)

13. அந்தப் பெண்ணிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். இந்தத் துறையில் இருக்கும் நண்பரிடம் கேட்டுத்தான் சொன்னேன்.

அ) பட்டதாரிகள் நுழைவுத் தேர்வு இல்லாமல் நேரடியாக சி.ஏ. இன்டர்மீடியட்டில் சேரலாம். வணிகவியல் என்றால் 55%, மற்ற பட்டம் என்றால் 60% வேண்டும்.

ஆ) செபி உருவாக்கிய என்.ஐ.எஸ்.எம். நிறுவனம் மெர்ச்சன்ட் பேங்கிங்குக்கென்றே ஒரு சான்றிதழ்த் தேர்வு நடத்துகிறது. எந்தக் கல்லூரி என்று அது கேட்காது.

இ) பங்கு வெளியிடும் கம்பெனிகளின் வரைவு ஆவணங்கள் செபி இணையதளத்தில் இலவசம். வேதியியல் படித்தவர் மருந்து, ரசாயனக் கம்பெனிகளின் ஆவணத்தை எடுத்துப் படிக்கட்டும். எம்பிஏ முடித்தவருக்குப் புரியாத பக்கம் அதில் உங்களுக்குப் புரியும். மாதம் ஒன்று படித்து இரண்டு பக்கம் எழுதுங்கள். எழுதியதை அந்த மாடியில் வேலை செய்பவர்களுக்கு அனுப்புங்கள்.

மோர்பாரியா தன் சட்டப் படிப்பை மறைக்கவில்லை. அது தேவைப்பட்ட இடத்தில் போய் நின்றார்.

இத்தனையும் செய்தாலும் கதவு திறக்காமல் போகலாம். அதையும் சேர்த்தே சொன்னேன்.

14. இப்போது நாற்காலியில் இருக்கிறவர்களுக்கு.

நான் வெறும் எம்பிபிஎஸ். "மேல படிக்கலையா சார்?"னு வாரத்துக்கு ரெண்டு பேராவது கேட்பார்கள். ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது கை நடுங்குகிற பையன் நான். ஒரு ராத்திரி மூச்சுத் திணறலோடு வந்த நோயாளிக்குக் குழாய் போட வேண்டும். சீஃப் என் கையில் லாரிங்கோஸ்கோப்பைக் கொடுத்தார்.

"நீ போடு. நான் பின்னாடி நிக்கிறேன்."

அன்றைக்கு அவரே போட்டிருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். எனக்கு ரெண்டு நிமிஷம் ஆனது. அந்த ஒன்றரை நிமிஷப் பொறுமையில்தான் இன்றைக்கு நான் கேஷுவால்டியில் நிற்கிறேன்.

15. நீங்கள் மேனேஜரா? எச்.ஆரா? கடை முதலாளியா? அடுத்த முறை பத்து விண்ணப்பம் வந்தால், கல்லூரிப் பேரைக் கையால் மறைத்துக்கொண்டு ஒரே ஒரு விண்ணப்பத்தையாவது முழுசாகப் படியுங்கள். வேலை கொடுக்கச் சொல்லவில்லை. இன்டர்வியூவுக்குக் கூப்பிடுங்கள் என்கிறேன்.

16. போன செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் ரிவ்யூவுக்கு வந்தது. தூக்கம் பரவாயில்லையாம். ஒரு மருந்துக் கம்பெனியைப் பற்றி எழுதின ரெண்டு பக்கத்தைக் காட்டியது. மருந்து சம்பந்தப்பட்டது எனக்குப் புரிந்தது, கணக்கு புரியவில்லை.

வெளியே போகும்போது அப்பா மட்டும் திரும்பி வந்தார்.

"நடக்குமா சார்?"

"தெரியாதுண்ணே. நடந்தா சந்தோஷம். நடக்கலைன்னா அது புள்ளையோட குறை இல்லை. அதை மட்டும் வீட்ல அடிக்கடி சொல்லுங்க."

தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

உங்கள் வீட்டிலும் சொல்லுங்கள்.


அரசு மருத்துவர், புதுக்கோட்டை